வடிவாம்பாளின் உடம்பு என்ன நிறம்?

ஒரு காட்டில், வரிசையில் நிற்பது என்றால் என்னவென்று எறும்புகளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மற்ற உயிர்களெல்லாம் பசித்த இடத்தில் தின்று, பிடித்த இடத்தில் முட்டையிட்டு, யாரையும் கேட்காமல் செத்துப் போய்க்கொண்டிருந்தன. அப்படி இருக்கும்போது மலை பார்க்க வந்த ஒருவர் தன் செல்போனைப் பாறைமேல் வைத்து மறந்துவிட்டுப் போனார். பேச்சிக்கண்ணு என்ற மந்தி அதை எடுத்து வைத்துக்கொண்டது. மூன்றே நாளில் அந்தக் காட்டுக்கு நிர்வாகம் வந்துவிட்டது.

நிர்வாகம் முதலில் கைவைத்தது வண்ணத்துப்பூச்சிகள் மேல்தான். திருப்பிக் கடிக்கத் தெரியாதவை அவைதான். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியையும் அது இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்து, போட்டோவைப் பார்த்து இனம் கண்டுபிடித்து, அட்டை கொடுப்பது என்று உத்தரவு வந்தது. அட்டையில் இரண்டு விவரம் இருக்கும். எந்தச் செடியில் முட்டையிடலாம் என்பது ஒன்று. உண்ணத்தக்கதா, உண்ணத்தகாததா என்பது இன்னொன்று. இரண்டாவது விவரம் பறவைகளின் வசதிக்காக. அதை அரசமரத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள்.

போட்டோ எடுக்கும் பொறுப்பு மந்திக்கு. போட்டோ பார்த்து இனம் சொல்லும் பொறுப்பு தில்லைநாயகம் என்ற ஓணானுக்கு. அவர் சின்ன வயதில் ஒரு வண்ணத்துப்பூச்சியை அவசரப்பட்டு விழுங்கி மூன்று நாள் கக்கியவர். காட்டில் வேறு யாருக்கும் இந்தத் துறையில் அவ்வளவு அனுபவம் இல்லை.

அந்தக் காட்டில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். கறிவேப்பிலை அழகி இனம். பிறந்ததும் வளர்ந்ததும் ஓடைக்கரைக் கறிவேப்பிலை மரத்தில். அந்த இனத்துப் பெண்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தி ஆண்களைப் போலவே கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு சாதாரணமாகப் பிறப்பாள். இன்னொருத்தி முன்சிறகில் வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் வரிசையாகச் சிவப்புப் பொட்டும் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு அப்படியே சிவப்புடல் அழகியாக வந்து நிற்பாள்.

சிவப்புடல் அழகி வேறு இனம். ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று வளர்ந்து, அந்தக் கொடியின் விஷத்தை உடம்பு முழுக்க ஏற்றிக்கொண்ட இனம். ஒருமுறை கொத்திய பறவை அந்தச் சிறகை மறக்காது. வடிவாம்பாளின் உடம்பில் ஒரு துளி விஷம் கிடையாது. ஆனால் சிறகு அந்தச் சிறகு. அதனால் பிழைத்துக் கிடந்தாள். சாதாரணமாகப் பிறந்த அவளுடைய அக்காவைப் போன வாரம் கரிச்சான் குருவி சாப்பிட்டுவிட்டது.

இரண்டு இனத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். சிவப்புடல் அழகிக்குத் தலையும் உடம்பும் சிவப்பு. வடிவாம்பாளுக்குக் கறுப்பு.

மந்தி போட்டோ எடுக்க வந்த நேரத்தில் வடிவாம்பாள் உண்ணிப்பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்தாள். முட்டை நிறைந்த வயிறு பூக்கொத்துக்குள் புதைந்திருந்தது. சிறகு மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கக்கா, திரும்பி உட்கார்றேன்" என்றாள்.

"ஆளுக்கு ஒரு படம்தான். சார்ஜ் இல்லை" என்று சொல்லி மந்தி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் அட்டை வந்தது. இனம்: சிவப்புடல் அழகி. முட்டையிட வேண்டிய செடி: ஆடுதின்னாப்பாளை. உண்ணத்தகாதது.

வடிவாம்பாள் கடைசி வரியைப் படித்துச் சந்தோஷப்பட்டாள். நடுவரியைப் படித்து நடுங்கிப்போனாள். நேரே அந்தக் கொடிக்குப் பறந்துபோய் முன்னங்காலால் ஓர் இலையைத் தட்டிப் பார்த்தாள். வண்ணத்துப்பூச்சிக்கு ருசி காலில்தான். அந்தக் கசப்பு காலிலிருந்து தலைவரை ஏறியது. இதில் முட்டையிட்டால் பிள்ளைகள் முதல் வாய் இலையோடு சரி. கறிவேப்பிலை மரத்திலோ கிளைக்குக் கிளை செவ்வெறும்புகள் காவல் நின்று அட்டை கேட்டன. வயிற்றில் இருந்த முட்டைகள் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

ஓணானின் அலுவலகம் ஒரு பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை. வடிவாம்பாள் வரிசையில் நின்று முன்னால் போனாள். தில்லைநாயகம் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"சார், இனம் மாறிப்போச்சுங்க. நான் கறிவேப்பிலை அழகி."

அவர் படத்தைத் தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "வெள்ளைப் பட்டை இருக்கு. சிவப்புப் பொட்டு ஏழு இருக்கு. சரியாத்தானேம்மா எழுதியிருக்கேன்."

"உடம்பைப் பாருங்க சார்."

"உடம்பு படத்தில் விழலை."

"நான்தான் முன்னால நிக்கிறேனே. ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. கறுப்பு."

"அம்மா, நேரில் பார்த்து முடிவு செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார் தில்லைநாயகம், குனிந்தபடியே. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அதோட, நேரில் பார்த்தா எனக்கு நாக்கு நிக்காது. இந்த உத்தியோகத்துக்கு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு வண்ணத்துப்பூச்சியையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அலுவல் நேரத்தில் சாப்பிடறதும் இல்லை. ஒரு மணிக்கு மேல நான் பொறுப்பில்லை."

வடிவாம்பாள் அவரை மரியாதையோடு பார்த்தாள். நேர்மையான அதிகாரி. அதனால் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

"ஆட்சேபணை மனு கொடுக்கலாமா சார்?"

"தாராளமா. பக்கவாட்டுப் படம் ஒண்ணு, மனு ஒண்ணு. உடம்பு கறுப்புன்னு தெரிஞ்சா இனத்தை மாத்திடுவேன். கறிவேப்பிலை மரம் உங்களுக்கு. உண்ணத்தக்கதுன்னு பலகையிலயும் மாத்தி ஒட்டிடுவோம்."

அவள் அரசமரத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கரிச்சான் வீரபாகு அதன் மேல் உட்கார்ந்து, பிளந்த வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, உண்ணத்தக்கவை பட்டியலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். அக்காவைச் சாப்பிட்டவன் அவன்தான். வடிவாம்பாள் மனு எழுத வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டாள்.

திரும்பும்போது வரிசையின் கடைசியில் தன்னையே பார்ப்பதுபோல் ஒருத்தி நின்றாள். அதே பட்டை, அதே பொட்டு. உடம்பு மட்டும் இரத்தச் சிவப்பு. அசல் சிவப்புடல் அழகி. பெயர் செங்கமலம்.

"உனக்கு என்ன எழுதினாங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

வடிவாம்பாள் அட்டையைக் காட்டினாள்.

"எனக்கு எழுத வேண்டியதை உனக்கு எழுதியிருக்கான். இங்க பாரு." செங்கமலத்தின் அட்டையில் கறிவேப்பிலை அழகி, கறிவேப்பிலை மரம், உண்ணத்தக்கது என்று இருந்தது. மந்தி கீழேயிருந்து வானத்தைப் பார்த்து எடுத்ததில் உடம்பு கரிக்கட்டை மாதிரி விழுந்திருந்தது.

"உண்ணத்தக்கதுன்னு போட்டிருக்காங்களே. பயமா இல்லையாக்கா?"

"எனக்கு எதுக்குப் பயம்? கொத்துறவன் கக்கட்டும். என் உடம்பு தோல் மாதிரி. ரெண்டு மென்னுத் துப்பினாலும் பறப்பேன். எனக்கு என் கொடி கிடைச்சாப் போதும்."

இருவரும் ஒருவர் அட்டையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு மட்டும். சாயங்காலம் அவரவர் அட்டை அவரவரிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று பேச்சு.

வடிவாம்பாள் கறிவேப்பிலை மரத்துக்குப் போனாள். செவ்வெறும்பு அட்டையை வாங்கி, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் சிறகை மடக்கி உடம்பு தெரிய நின்றாள்.

"படத்துல உடம்பு கறுப்பு" என்றது எறும்பு. "நேர்லயும் கறுப்பு. போகலாம்."

அந்தக் காட்டில் அட்டைக்கும் ஆளுக்கும் பொருத்தம் இருந்தது அதுவே முதல் தடவை. எறும்புக்கே கொஞ்சம் மனநிறைவாக இருந்தது. வடிவாம்பாள் இளந்தளிராகப் பார்த்து, இலைக்கு ஒன்று வீதம், பதினொரு முட்டைகள் வைத்தாள். கடைசி முட்டை வைத்ததும் கிளையிலேயே சாய்ந்து சிறிது நேரம் கிடந்தாள். அங்கே கொடிப் பக்கம் செங்கமலத்துக்கும் ஒரு தடையும் இல்லை. சாயங்காலம் அட்டைகள் கை மாறின.

இதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு காரியம் குறுக்கே வந்தது.

முதலாவது, வீரபாகு. உண்ணத்தக்கவை பட்டியலில் செங்கமலத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அவளைத் துரத்திப் பிடித்துக் கொத்தினான். இரண்டு கடி கடித்ததும் கண் செருகியது. செங்கமலம் சிறகில் ஒரு பொத்தலோடு பறந்து போய்விட்டாள். வீரபாகு அரசமரத்தடியில் விழுந்து, நேற்று தின்றது, அதற்கு முந்தினநாள் தின்றது எல்லாவற்றையும் கக்கினான். தேறியதும் புகார் கொடுத்தான். உண்ணத்தக்கது என்று எழுதிவிட்டு விஷத்தைத் தின்ன வைத்துவிட்டார்கள் என்பது புகார்.

விசாரணையில் தில்லைநாயகம் தன் படத்தை எடுத்து வைத்தார். உடம்பு கறுப்பு. எனவே கறிவேப்பிலை அழகி. எனவே விஷமில்லை. விஷமில்லாததைத் தின்று ஒருவன் கக்கினான் என்றால் கோளாறு அவன் வயிற்றில். நிர்வாகம் வீரபாகுவை நோயாளி என்று அறிவித்து, முப்பது நாள் லீவு கொடுத்தது. அந்தக் காட்டில் தினமும் விடிந்ததும் வல்லூறை விரட்டும் வேலை கரிச்சானுடையது. உயிர் போகிற வேலை. அதற்கு இனி ஒரு மாதம் போக வேண்டாம் என்று கேட்டதும் வீரபாகு புகாரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

இரண்டாவது, முத்தையா. வடிவாம்பாளின் கணவன். கறுப்புச் சிறகில் ஒரே வரிசை வெள்ளைப் புள்ளி. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் சரியாக அடையாளம் தெரியும் உருவம். அதனால் நிர்வாகத்தின் மேல் அவனுக்கு நல்ல நம்பிக்கை. மனைவியைத் தவறாக எழுதியது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கிளையில் அசந்து கிடந்தபோது மந்தியைக் கூட்டிவந்து, பக்கவாட்டில், நல்ல வெயிலில், ஒரு படம் எடுத்துவிட்டான். அவளிடம் சொல்லாமல் மனுவும் கொடுத்துவிட்டான்.

விசாரணைக்கு அழைப்பு வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. நேரம்: பகல் பன்னிரண்டே முக்கால்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள்.

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன், வடிவு. நம்ம பிள்ளைங்க நாளைக்கு அம்மா யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அம்மா உயிரோட இருந்தா அவளே சொல்லிக்குவா."

அவனுக்கு அது புரியவில்லை. நல்லவன்தான்.

அடிக்கட்டையில் அன்றைக்கு நல்ல கூட்டம். வீரபாகுவும் வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தான். தில்லைநாயகம் படத்தைப் பெரிதாக்கினார். படம் தெளிவாக இருந்தது. தலை கறுப்பு, மார்பு கறுப்பு, வயிறு கறுப்பு. அவர் வாயோரம் நாக்கின் நுனி எட்டிப் பார்த்து உள்ளே போனது. நிமிராமலே தரையில் விழுந்த கட்டையின் நிழலைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது.

"உடம்பு கறுப்பாத்தான் இருக்கு" என்றார். "மனு நியாயம். மாத்திடலாம்."

"எனக்கு ஆட்சேபணை" என்றது ஒரு குரல். வீரபாகு.

"உனக்கு என்னப்பா?"

"இந்த அம்மா இனத்தை மாத்தினா, சிறகு ஒரே மாதிரி இருக்கிற எல்லாப் படத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்வாங்க. அந்தச் செங்கமலம் படத்தையும் பார்ப்பாங்க. அவ விஷம்னு ஆயிடும். எனக்கு வந்தது வியாதி இல்லைன்னு ஆயிடும். நாளைக்கு விடிஞ்சா நான் வல்லூறு விரட்டணும். எனக்கு உடம்பு சரியில்லைங்க. சரியில்லாமலே இருக்கட்டும்."

தில்லைநாயகம் கொஞ்சம் கலங்கினார். ஒரு படத்தைத் திருத்தினால் அறுநூறு படம் திருத்த வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "பெண்மணி என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

வடிவாம்பாள் முன்னால் வந்தாள். முத்தையா அவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று ஓணானின் முதுகையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது என் போட்டோ இல்லைங்க சார்."

"பின்னே யாருது?"

"தெரியலைங்க. இந்தக் காட்டுல என்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க."

"வடிவு" என்றான் முத்தையா. "சார், இது இவதான். பொண்டாட்டியை எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அடையாளம் சொல்லுங்க" என்றார் ஓணான்.

முத்தையா யோசித்தான். சிறகைச் சொன்னால் அது செங்கமலத்துக்கும் பொருந்தும். உடம்பைச் சொன்னால் அதைத்தான் விசாரிக்கிறார்கள். "வாசனை சார்" என்றான்.

"வாசனை போட்டோவில் வராது" என்று சொல்லி தில்லைநாயகம் மனுவைத் தள்ளுபடி செய்தார். எழுதிக்கொண்டே இன்னொன்றும் கவனித்தார். "இவங்க சிவப்புடல் அழகி. நீங்க கறிவேப்பிலை அழகி. இனம் வேற. அப்போ உங்க கல்யாணமும் செல்லாதே."

"செல்லாட்டாப் பரவாயில்லைங்க" என்றாள் வடிவாம்பாள்.

மணி ஒன்று ஆவதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். முத்தையா ஓடைக்கு அக்கரையில் ஒரு எலுமிச்சை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாள் தேன் குடிக்கவில்லை. வடிவாம்பாளும் கூப்பிடப் போகவில்லை. கூப்பிட்டால் யாராவது பார்ப்பார்கள். மூன்றாம் நாள் காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசியது. அவன் அவளுடைய வாசனை பிடித்து வந்து, கறிவேப்பிலை மரத்துக்கு எதிர்மரத்தில், அவள் கிளைக்கு அடுத்த கிளையில், சட்டப்படி அந்நியனாக, உட்கார்ந்தான். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றைக்கே முட்டைகள் பொரிந்தன. பதினொன்றும் பொரிந்தன. கறிவேப்பிலை அழகியின் பிள்ளைகள் பிறந்த புதிதில் பார்ப்பதற்கு அவ்வளவு லட்சணமாக இருக்க மாட்டார்கள். பழுப்பும் கறுப்புமாக, முதுகில் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளை பூசிக்கொண்டு, ஈரமாகப் பளபளத்துக்கொண்டு இலை நடுவில் அசையாமல் கிடப்பார்கள். முத்தையாவுக்கு அவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. "மூணாவது பையன் அப்படியே என்னை மாதிரி" என்றான்.

நிர்வாகம் விடுமா? பேச்சிக்கண்ணு மரம் மரமாகப் போய்ப் புழுக்களைப் படமெடுத்தது. கறிவேப்பிலை மரத்திலும் எடுத்தது. நான்கு நாள் கழித்து ஓணான் வடிவாம்பாளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் பதறியடித்துப் பறந்து போனாள். முத்தையாவும் பின்னாலேயே போனான். புழு என்றால் எல்லாப் பறவைக்கும் பிடிக்கும். சிறகில்லாத பிள்ளைகள். எங்கே ஓட முடியும்?

தில்லைநாயகம் வழக்கம்போல நிமிரவில்லை. "நீங்க தினமும் அந்த மரத்துப் பக்கம் சுத்தறதா எறும்பு சொல்லுச்சு. அதான் சாட்சிக்குக் கூப்பிட்டேன். இந்தப் படத்தைப் பாருங்கம்மா. இலையில் பதினோரு இடத்தில் இருக்கு. நான் ரொம்ப நேரம் பெரிசாக்கிப் பார்த்தேன். இது பறவை எச்சம்தானே?"

வடிவாம்பாள் தன் தலைப்பிள்ளையின் படத்தைப் பார்த்தாள். மந்தி இந்தத் தடவை நன்றாகவே எடுத்திருந்தது. பிள்ளை வாயில் இலைத்துணுக்கு கூடத் தெரிந்தது.

பின்னாலிருந்து முத்தையா பதறுவது அவளுக்குக் கேட்டது. சுருட்டி வைத்திருந்த வாய்க்குழல் அவனுக்கு விறுவிறுவென்று நீண்டுகொண்டிருந்தது. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"வாயைச் சுருட்டுங்க" என்றாள் வடிவாம்பாள், திரும்பாமல்.

அவன் சுருட்டிக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொல்லி அவன் உடனே கேட்டது அது ஒன்றுதான்.

"எச்சம்தாங்க சார்" என்றாள். "அதுல என்ன சந்தேகம்? கிட்டப் போனாலே குமட்டுது."

"யாரோட எச்சம்னு எழுதணுமே. ஏதாவது ஒரு பறவை ஒப்புக்கிட்டாத்தான் பதிவு பண்ண முடியும்."

லீவில் வேறு வேலையில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்த வீரபாகு கிளையிலிருந்து இறங்கி வந்தான். லீவில் அதற்குள் எட்டு நாள் கரைந்துவிட்டிருந்தது. படத்தைப் பார்த்தான், கூர்ந்து பார்த்தான், பிறகு வடிவாம்பாளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"என்னோடதுதான்" என்றான். "பதினொண்ணும் என்னோடது. வயிறு இன்னும் சரியாகலைங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? லீவை நீட்டிச்சுக் கொடுங்க."

நீட்டித்துக் கொடுத்தார்கள். வடிவாம்பாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். முத்தையாவும் அந்நியன் என்ற முறையில் இரண்டாவது சாட்சியாகப் போட்டான். அதிலிருந்து பறவைகள் அந்தப் பக்கம் வந்தால்கூட முகம் சுளித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்விடும்.

காட்டுப் பதிவேட்டில் அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஓணானின் கையெழுத்து அழகாக இருக்கும். ஓடைக்கரைக் கறிவேப்பிலை மரம். கரிச்சான் எச்சம், பதினொன்று. மழை பெய்தும் கழுவிப் போகவில்லை. நாளுக்கு நாள் பெரிதாகிறது. பத்தாம் நாள் பச்சை நிறமாக மாறி வேறு கிளைக்குச் சென்றுவிட்டது. இலைகள் குறைந்து வருகின்றன. காரணம் தெரியவில்லை. தொடர் நடவடிக்கை தேவையில்லை.

நீதி: உங்கள் பிள்ளைகளை எச்சம் என்று அதிகாரி எழுதினால், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், சரியாக அடையாளம் காணப்பட்டவர்கள்தான் சாப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறார்கள்.